வெளுத்த பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது

ஒவ்வொரு கோடையிலும் பவளப்பாறை வெளுப்பைப் பற்றி ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. கடலடியில் எலும்புக் குவியல்போல் வெண்மையாகக் கிடக்கும் பவளத்தின் படமும், ‘பவளங்கள் அழிந்தன’ என்ற தலைப்பும் அதில் தவறாமல் இருக்கும். படமும் தலைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதை எழுதியவரும் கவனிப்பதில்லை, வாசிப்பவரும் கவனிப்பதில்லை. அப்படிப் பளிச்சென்று வெளுத்திருக்கும் பவளம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. செத்த பவளம் நெடுநாள் வெள்ளையாக இருக்காது. சதை அழுகி நீங்கிய சில நாள்களிலேயே அதன் கூட்டின்மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்துவிடும். வெள்ளையாகத் தெரிவது பட்டினி கிடக்கும் பவளம். அந்தப் பட்டினி எத்தனை நாள் நீள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது பிழைப்பதும் மடிவதும். ஆகவே கடல்நீர் எத்தனை டிகிரி சூடாயிற்று என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அந்த இடத்தின் வழக்கமான கோடையைவிட எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் கூடுதல் என்று கேட்க வேண்டும். இந்தப் பதிவு முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான்.

பவளம் என்பது கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவான ஒரு விலங்கு. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, வாயைச் சுற்றி மெல்லிய உணர்விரல்கள் கொண்ட பாலிப் என்னும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் குடியிருப்பைத்தான் நாம் ஒரு பவளம் என்று சுட்டுகிறோம். ஒவ்வொரு பாலிப்பும் தனக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைச் சுரந்துகொண்டே போகிறது. பாலிப்பின் சதை ஏறத்தாழ கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியக்கூடியது. பவளத்தில் நாம் காணும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அதன் உயிரணுக்களுக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகளின் நிறங்களே. சூசாந்தெல்லே எனப்படும் இந்தப் பாசிகள் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சத்துக்கு மேலும் இருக்கும். அவை வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரித்துத் தம் தேவைக்குப் போக மிச்சத்தைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இவ்வழியில் வரலாம். பதிலுக்குப் பவளம் இடமும், கரியமில வாயுவும், தன் கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் தருகிறது. வெப்பமண்டலக் கடல் அவ்வளவு தெளிவாக, நீலமாக இருப்பதற்குக் காரணமே அதில் சத்து குறைவு என்பதுதான். அத்தகைய சத்தற்ற நீரில் இத்தனை பெரிய பாறைத்தொடர்கள் எழுந்து நிற்பதற்கு இந்தக் கூட்டு வாழ்க்கைதான் ஆதாரம்.

நீர் சூடேறும்போது முதலில் கெடுவது இந்தக் கூட்டு வாழ்க்கை. பாசி வெயிலை வாங்கும் வேகம் சூட்டினால் குறைவதில்லை. வாங்கிய ஒளியைச் சர்க்கரையாக மாற்றும் ஏற்பாடும், ஒளிபட்டுப் பழுதாகும் பகுதிகளை அன்றன்று சீர்செய்யும் ஏற்பாடும்தான் தடுமாறுகின்றன. செலவழிய வழியில்லாத அந்த ஆற்றல் ஆக்ஸிஜன்மேல் பாய்ந்து, சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, உயிரணுவை அரிக்கும் பொருள்களாகிறது. அவை பாசிக்குள் தேங்கி, அங்கிருந்து பவளத்தின் சதைக்குள்ளும் கசிகின்றன. நேற்றுவரை சோறு போட்டவன் இன்று நஞ்சு கலக்கிறான் என்ற நிலை வந்ததும் பவளம் பாசியை வெளியேற்றத் தொடங்குகிறது. பாசி போய்விட்டால் நிறமற்ற சதை வழியே அடியிலிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. வெளுப்பு என்பது இவ்வளவுதான்.

இதில் சூட்டுக்குத் துணையாக வெயிலும் இருக்கிறது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மண்டபம் கரையோரம், வற்றம் நன்றாக வாங்கியிருந்த ஒரு மே மாதக் காலையில், இடுப்பளவுத் தண்ணீரில் முகமூடி போட்டுக் குனிந்து பார்த்தபோது இதை நேரிலேயே காண முடிந்தது. பானை அளவு உருண்டைப் பவளம் ஒன்றின் மேல்பக்கம் முழுதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது; பக்கவாட்டில் இறங்க இறங்க வெளிர்மஞ்சள், பிறகு பழுப்பு; பாறை நிழல் விழும் அடிப்பக்கத்தில் அதன் இயல்பான நிறம் அப்படியே இருந்தது. நீரின் சூடு எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றுதான், வெயில்தான் மேல்பக்கத்தில் கூடுதல். வெளுத்த பகுதியை இன்னும் அருகில் சென்று பார்த்தால், ஒவ்வொரு குழியிலும் நூல்போன்ற உணர்விரல்கள் சுருங்கி நெளிவது தெரிந்தது. தொடவில்லை, தொடவும் கூடாது.

வெளுக்கத் தொடங்கும் பவளம் எல்லாமே வெள்ளையாகிவிடுவதும் இல்லை. சில இனங்கள் அந்தக் கட்டத்தில் ஊதாவும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒளிரத் தொடங்குகின்றன. பாசி குறைந்ததும் உள்ளே கூடிவிடும் வெளிச்சத்தைச் சமாளிக்கப் பவளமே சுரக்கும் ஒளிர்நிறமிகளால் வரும் நிறம் அது. படமெடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். பவளத்துக்கோ அது உயிரைக் காத்துக்கொள்ளும் முயற்சி.

வெளுப்பு ஒரு புதிய காட்சி அன்று. 1928–29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்), லோ தீவுகளில் தங்கி ஆய்வு செய்த பிரிட்டிஷ் குழுவினர், கடும் வெயிலில் பவளங்கள் பாசியை இழந்து வெளிறியதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்டது ஒரு திட்டில் நடந்த செய்தி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளங்கள் ஒரே பருவத்தில் வெளுப்பதை உலகம் கவனிக்கத் தொடங்கியது, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ 1982–83-இல் வந்தபோது, கிழக்குப் பசிபிக்கில் பனாமா கடற்கரையை ஒட்டி நடந்த பேரிழப்புக்குப் பிறகுதான். உலகம் தழுவிய முதல் வெளுப்பு 1998-இல் நடந்தது. அதன்பின் 2010, 2014–17. நான்காவது 2023-இல் தொடங்கியதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 1998-இல் உலகப் பவளப்பாறைப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளுப்பூட்டும் சூட்டுக்கு ஆளாயிற்று. நான்காவது நிகழ்வில் 2025 வசந்தத்துக்குள் அது 84 விழுக்காட்டை எட்டியது. ஒவ்வொரு முறையும் எல் நினோவின்மேல் பழி போடுவது வழக்கமாக இருந்தது. 2022-இல் கடல் பொதுவாகக் குளிர்ந்திருக்க வேண்டிய லா நினா ஆண்டிலேயே பெருந்தடைப் பவளத்திட்டு வெளுத்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று. பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் இறங்கியிருக்கிறது. எல் நினோ இப்போது, ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தளத்தின்மேல் ஏறி நிற்கிறது.

இனி அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். பவளம் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. பாரசீக வளைகுடாவில், அபுதாபிக் கரையோரப் பவளங்கள் கோடையில் 34, 35 டிகிரி நீரில் ஆண்டுதோறும் வாழ்கின்றன; அதே சூட்டை மன்னார் வளைகுடாப் பவளத்துக்குச் சில வாரம் கொடுத்தால் அது மிஞ்சாது. ஒவ்வோரிடத்துப் பவளமும், தன்னிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தை ஒட்டித் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது. அந்த உச்சத்துக்கு மேல் அதற்கிருக்கும் இடைவெளி ஒரு டிகிரி அளவுதான். அபுதாபிப் பவளமும் இதற்கு விலக்கில்லை. 2017 கோடையில் காற்று ஓய்ந்து நீர் வழக்கத்தையும் மீறிச் சூடேறியதும் அங்கும் பவளங்களில் பெரும்பகுதி மடிந்தது. சூட்டுக்குப் பழகிய பவளம் என்று அதைக் காட்டி நம்பிக்கையூட்டுபவர்கள் இந்த ஆண்டைக் குறிப்பிடுவதில்லை.

அமெரிக்காவின் பெருங்கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, இந்தக் கருத்தைக் கணக்காக்கி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நீர் 31-ஐத் தொட்டதும் கணக்கு தொடங்கும். ஒரு டிகிரி கூடுதல் ஒரு வாரம் நீடித்தால் ஒரு டிகிரி-வாரம். இரண்டு டிகிரி கூடுதல் ஒரு வாரம் நீடித்தால் இரண்டு. கடைசிப் பன்னிரண்டு வாரங்களின் கூட்டுத்தொகை 4 ஆனால் குறிப்பிடத்தக்க வெளுப்பு, 8 ஆனால் கடும் வெளுப்பும் பரவலான சாவும் எதிர்பார்க்கப்படும். அதாவது 31 டிகிரி நீர் நான்கு வாரம் கிடப்பதும், 32 டிகிரி நீர் இரண்டு வாரம் கிடப்பதும் இந்தக் கணக்கில் ஒன்றே. செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து நாள்தோறும் வெளியாகும் அந்த வரைபடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கோடை தொடங்கினால் நானும் பார்த்துக்கொண்டே இருப்பேன், மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல. 2023 வரை அந்தக் கணக்கில் 8-க்கு மேல் தனி எச்சரிக்கைப் படி எதுவும் இருக்கவில்லை, தேவைப்படவில்லை. அவ்வாண்டு ஃபுளோரிடாவிலும் கரீபியனிலும் சூடு அந்த அளவுகோலையே கடந்து போனதால், 12, 16, 20 என்று மேலும் மூன்று படிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசிப் படியில், அங்கிருக்கும் பவளங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் மடியக்கூடும் என்பது எதிர்பார்ப்பு.

நம் மன்னார் வளைகுடாவில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் வான் தீவிலிருந்து சிங்கிள் தீவு வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றி, பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. இப்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் வரை இங்கே நீர் 31 முதல் 33 டிகிரிக்கும் மேல் போவதுண்டு; 2005 முதல் கோடைதோறும் கூடவோ குறையவோ வெளுப்பு காணப்பட்டு வந்திருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்த அந்த அறுபத்தொரு நாளும், பவளம் வெளுக்கும் நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல். என்றாலும், அந்த வாரங்களில் இழுவைமடிகள் கிளப்பும் சேறு குறைவது பவளத்துக்கு ஒரு சிறு ஆறுதலாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கே சூட்டை முடித்து வைப்பது காற்று. காற்றில்லாத நாளில் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கிடக்கும். வெயில் தடையின்றி இறங்கும். மேல்நீர் கீழ்நீரோடு கலக்காது. ஆவியாகி வெப்பம் வெளியேறுவதும் குறையும். தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பியதும் இந்த நான்கும் தலைகீழாகின்றன. பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம், தண்ணீர் எப்போது தணியும் என்று கேட்டேன். “கச்சான் நல்லாக் கிளம்பட்டும் தம்பி. கடலு கலங்கும், குளுந்துரும். அதுவரைக்கும் வெந்நிதான்” என்றார். கச்சான் என்று அவர் சொன்னது இந்தப் பருவக்காற்றைத்தான். அந்தக் கலங்கல் நீச்சல்காரனுக்கு எரிச்சல். பவளத்துக்கோ வெயிலை மறைக்கும் திரை. ஆகவே எந்த ஆண்டு எவ்வளவு பவளம் சாகும் என்பதில், மே மாதச் சூட்டுக்கு நிகராக, அந்தக் காற்று ஒன்றிரண்டு வாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 தொடக்கத்தில் பெருந்தடைப் பவளத்திட்டின் வடக்குப் பகுதி வரலாறு காணாத வெளுப்புக்கு ஆளானபோது, தென்பகுதி பெரிதும் தப்பியது. பிஜியைத் தாக்கிய வின்ஸ்டன் புயல் வலுவிழந்து அப்பக்கம் வந்து, மேகமும் மழையுமாகச் சில நாள் நின்று, நீரைக் குளிர்வித்தது. பல ஆயிரம் வீடுகளை இடித்த புயல் வேறொரு நாட்டின் பவளத்தைக் காப்பாற்றியது. வடக்கில் அந்தக் கொடுப்பினை இல்லை; அவ்வாண்டு மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் அந்தத் திட்டு முழுவதிலும் ஆழமற்ற நீர்ப் பவளங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்தது.

மன்னார் வளைகுடாவை நெடுங்காலமாக அளந்துவரும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. கடலடிப் பரப்பில் உயிர்ப்பவளம் மூடியிருந்த பங்கு 2005-இல் 37 விழுக்காடு. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டுவது அதையொட்டி நின்றுபோக, 2009-இல் அது 43-ஐ நெருங்கியது. 2010 வெளுப்பில் 33-ஆகக் குறைந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறி 2016 கோடைக்கு முன் 38.9-க்கு வந்தது. அந்தக் கோடை முடிந்தபோது 22.7. மறுபடி ஏறி 2021-இல் 27.3. ஆக, நல்ல ஆண்டுகளில் இந்தப் பாறைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி வீதம் ஈட்டுகின்றன; கெட்ட ஆண்டு ஒன்று வந்தால் ஒரே கோடையில் பத்தையும் பதினாறையும் இழக்கின்றன. பத்துப் புள்ளியை ஈட்டப் பத்தாண்டு வேண்டுமென்றால், கெட்ட ஆண்டுகளுக்கு நடுவே அந்தப் பத்தாண்டு இருக்க வேண்டும். 2010-க்கும் 2016-க்கும் நடுவே ஆறுதான் இருந்தது. பெருந்தடைப் பவளத்திட்டில் நிலைமை இன்னும் நெருக்கம்: 1998, 2002 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் பதினான்கு ஆண்டு இடைவெளி, பிறகு 2016, 2017, 2020, 2022, 2024, 2025.

இந்த எண்களுக்குள்ளேயே, வெளுப்பு வேறு, சாவு வேறு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020 மே மாதக் கடல் வெப்ப அலைக்குப் பின், தமிழகக் கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாப் பவளங்களில் 85 விழுக்காடு வெளுத்திருந்ததாக இந்திய அறிவியலாளர்கள் எழுதினார்கள். அந்த 85-ஐ அழிவுக் கணக்காகவே எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் மறு ஆண்டின் உயிர்ப்பவள அளவு 2016 வெளுப்புக்குப் பிந்தைய அளவைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அளவீடுகள், நேருக்கு நேர் கழித்துப் பார்க்கக் கூடாதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், வெளுத்தவற்றுள் பெரும்பான்மை செத்திருந்தால் இந்த 27.3 வந்திருக்க வழியில்லை. சூடு உரிய நேரத்தில் தணிந்தால், சதையில் மிஞ்சிய பாசிகள் பெருகியும் நீரிலிருந்து புதியவை குடியேறியும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நிறம் திரும்பிவிடுகிறது. பட்டினிக் காலத்தைச் சில இனங்கள் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டும், இரவில் நுண்ணுயிரிகளைக் கூடுதலாகப் பிடித்துத் தின்றும் கடத்துகின்றன. ஆனால் பிழைத்த பவளம் பழைய பவளம் அன்று. அதன் வளர்ச்சி குன்றுகிறது, முட்டையிடுவது குறைகிறது அல்லது அவ்வாண்டு நின்றே விடுகிறது, நோய் எளிதில் பற்றுகிறது. உயிர்ப்பவளப் பரப்பை மட்டும் அளப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

யார் முதலில் சாகிறார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கிளையும் மேசையுமாக விரைந்து வளரும் அக்ரோபோரா, அதையொத்த மாண்டிபோரா, போசிலோபோரா ஆகியவை முதலில் வெளுத்து முதலில் மடிகின்றன. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் பருக்கும் உருண்டைப் போரைட்டஸ், தடித்த சதையும் மெதுவான வாழ்க்கையும் கொண்டதால், பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. 2016-இல் மன்னாரிலும் இதுதான் நடந்தது. மீன்குஞ்சு ஒளிவதற்கு இடம் கொடுப்பவை அந்தக் கிளைகள்தாம். கிளைகள் செத்து, பாசி மூடி, அலையில் உடைந்து சல்லியானபின், உருண்டைகள் மட்டும் நிற்கும் பாறையை உயிர்ப்பவளப் பரப்பு என்ற ஒரே எண்ணால் அளந்தால் இழப்பு சிறியதாகத் தெரியும். அங்கே வலை போடுபவருக்கு அப்படித் தெரியாது.

உடைந்த கிளைகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி மறுபடி நட்டு வளர்க்கும் வேலை தூத்துக்குடிப் பகுதித் தீவுகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. ஃபுளோரிடாவில் அதைவிடப் பெரிய அளவில் நடந்தது. நடுவதற்கு எல்லோரும் எடுப்பது பெரும்பாலும் கிளைப்பவளம், ஏனென்றால் அதுதான் விரைவில் வளர்ந்து பலன் காட்டும். 2023 ஜூலையில் ஃபுளோரிடா கீஸ் பகுதி நீர் சூடேறியபோது, கடலடி நாற்றங்கால்களில் வளர்த்த மான்கொம்புப் பவளங்களை அள்ளிக்கொண்டு கரையிலிருந்த தொட்டிகளுக்கு ஓட வேண்டியதாயிற்று. எடுக்க முடியாமல் விட்டவற்றுள் கணிசமானவை, வெளுப்பதற்குக்கூட அவகாசமின்றிச் சதை உரிந்து செத்தன. அந்தக் கோடைக்குப் பின் கீஸ் பகுதியிலும் அதற்கு மேற்கே உள்ள டிரை டோர்டுகாஸிலும் இருந்த அக்ரோபோரா ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது. நம் பக்கத்தில் நடுபவர்கள், 2010-இலும் 2016-இலும் வெளுத்தும் சாகாமல் நின்ற தனித்தனிப் பவளங்களைக் குறித்து வைத்து அவற்றிலிருந்து மட்டும் துண்டெடுப்பதும், மெதுவாக வளர்ந்தாலும் பரவாயில்லை என்று உருண்டை இனங்களுக்கும் சட்டத்தில் இடம் ஒதுக்குவதும் நல்லது என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் ஆண்டறிக்கையில் காட்டும் எண் சிறுத்துத்தான் போகும். அடுத்த கெட்ட கோடையில் மிஞ்சுவது கூடும்.